விடுமுறை இல்லாத திருநாள்கள்



2025ஆம் ஆண்டு விநாயகர் சதுர்த்தி ஆகஸ்டு மாதம் 27ஆம் நாள், புதன்கிழமையன்று வந்தது. அன்று காலைப் பூசைக்கு வந்திருந்தோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் சிலர், பேரப் பிள்ளையை இடுப்பில் தாங்கிய பாட்டிமார் சிலர், அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த என்னைப் போன்ற இருவர் மூவர்; அவ்வளவே. மாலையில் கூட்டம் ஓரளவு கூடியது. ஆயினும் காலையில் செய்த கொழுக்கட்டை பெரும்பகுதி அப்படியே இருந்தது.

சில வாரங்கள் கழித்து நடைபெற்ற கூட்டத்தில் இளைஞர் ஒருவர் எழுந்து, "புதன்கிழமைக்குப் பதிலாக, அதே வாரத்து ஞாயிற்றுக்கிழமை 31ஆம் தேதி, தேசிய நாளன்று சதுர்த்தியை வைத்திருந்தால் மண்டபம் நிறைந்திருக்குமே, ஐயா?" என்று கேட்டார். மூத்த உறுப்பினர் ஒருவர், "ஞாயிற்றுக்கிழமைக்குச் சதுர்த்தி எப்படித் தம்பி வரும்? திதி நம் வசதிக்குக் காத்திருக்குமா?" என்று மறுமொழி கூறினார். இருவர் பேச்சிலும் பக்தி இருந்தது. இருவர் பேச்சிலும் கவலையும் இருந்தது. முடிவு காணாமலே கூட்டம் கலைந்தது.

அக்கேள்வி அன்று முதல் என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அலுவலகத்தில் விடுமுறைப் பட்டியல்களையும் விடுப்புப் பாரங்களையும் பல்லாண்டுகளாகக் கையாண்டு வருபவன் என்னும் முறையில், இதன் வரலாற்றை ஒருமுறை பின்னோக்கிப் பார்த்தால் வழி தென்படும் என்று எண்ணினேன். அதன் பயனே இக்கட்டுரை.

மூன்று மாதங்கள், மூன்று கணக்குகள்

ஆடி, ஆவணி, புரட்டாசி ஆகிய மூன்று மாதங்களும் நம் சமயத் திருநாள்கள் செறிந்தவை. ஆடிப்பெருக்கு, ஆடிக்கிருத்திகை, ஆடிப்பூரம், ஆடி அமாவாசை, வரலட்சுமி நோன்பு, ஆவணி அவிட்டம், கிருஷ்ண ஜெயந்தி, விநாயகர் சதுர்த்தி, புரட்டாசிச் சனி, நவராத்திரி என அவை அணிவகுத்து வருகின்றன. மலையாள அன்பர்களுக்கு ஓணமும் இக்காலத்திலேயே வருகிறது. ஆங்கில நாட்காட்டிப்படி இது ஜூலை நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையிலான காலம். இத்தனை திருநாள்கள் இருந்தும், இவற்றுள் ஒன்றுக்கேனும் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பொது விடுமுறை இல்லை.

இத்திருநாள்களின் தேதி ஏன் ஆண்டுதோறும் மாறுகிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. விடை எளிது. நம் முன்னோர் ஒரே கணக்கைக் கொண்டு எல்லா விழாக்களையும் அமைக்கவில்லை. ஆடிப்பெருக்கு சூரியனின் கணக்கு. ஆடி மாதம் பதினெட்டாம் நாள் என்பதால் அது எப்போதும் ஆகஸ்டு 2 அல்லது 3ஆம் தேதியை ஒட்டியே வரும். ஆடிப்பூரமும் ஆடிக்கிருத்திகையும் விண்மீன் கணக்கு. சதுர்த்தியும் அமாவாசையும் திங்களின் கணக்கு. திங்களின் பன்னிரண்டு மாதங்கள் ஏறத்தாழ 354 நாள்களே ஆதலால், அது சூரிய ஆண்டிற்குப் பதினொரு நாள் பின்தங்கும். அக்குறையைச் சரிசெய்ய ஏறத்தாழ முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒரு மாதம் கூட்டப்படுகிறது. எனவேதான் விநாயகர் சதுர்த்தி 2024இல் செப்டம்பர் 7ஆம் நாளும், 2025இல் ஆகஸ்டு 27ஆம் நாளும் வந்து, 2026இல் செப்டம்பர் 14ஆம் நாளில் அமைகிறது.

இடமும் இக்கணக்கில் சேரும். திதி என்பது சூரியனுக்கும் திங்களுக்கும் இடையிலான தொலைவைக் குறிப்பது. அது தொடங்கும் கணம் உலகெங்கும் ஒன்றே. ஆனால் நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்திற்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. கோலாலம்பூரில் சூரியன் சென்னையைவிட ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே உதிக்கிறான். அதனால் சென்னையில் அச்சிட்ட பஞ்சாங்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் சில ஆண்டுகளில் ஒரு நாள் வேறுபாடு நேரக்கூடும். ஆலயத்திற்கு ஆலயம் நாள் மாறுபடும்போது நாம் ஒருவரையொருவர் குறைகூறுவதற்கு முன் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆறும் வயலும் தந்த விழாக்கள்

ஆடித் திருநாள்கள் பிறந்த இடம் ஆற்றங்கரையும் வயற்காடும் ஆகும். தென்மேற்குப் பருவமழையால் காவிரியில் புதுப்புனல் பெருகிவரும் காலம் ஆடி. புதுப்புனலைத் தாயாகக் கருதி, காதோலை கருகமணியும் மஞ்சளும் படைத்து, சித்திரான்னங்கள் ஆக்கி, பெண்கள் தாலிச் சரடு மாற்றிக்கொள்ளும் விழாவே பதினெட்டாம் பெருக்கு. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் பழமொழி உழவர் வாழ்வின் சாரம். விதைப்புக்கும் நடவுக்கும் உரிய காலத்தில், கையிருப்பும் குறைந்திருக்கும் வேளையில், திருமணம் முதலிய பெருஞ்செலவுகளைத் தள்ளிவைத்ததில் உலகியல் அறிவும் அடங்கியிருந்தது. கோடையின் எச்சமாக அம்மை முதலிய நோய்கள் பரவாதிருக்க மாரியம்மனை வேண்டிக் கேழ்வரகுக் கூழ் வார்த்ததும் அவ்வாறே. பசித்தவனுக்கு உணவும் ஆயிற்று. அம்மனுக்குப் படையலும் ஆயிற்று.

தமிழகத்திலும் இவ்விழாக்கள் அனைத்துக்கும் மாநிலம் முழுதும் விடுமுறை கிடையாது. விநாயகர் சதுர்த்திக்கும் கிருஷ்ண ஜெயந்திக்கும் மாநிலப் பொது விடுமுறை உண்டு. ஆடித் திருநாள்களோ பெரும்பாலும் உள்ளூர் விடுமுறையாகவே விளங்குகின்றன. ஆண்டாள் அவதரித்த திருவில்லிபுத்தூரின் ஆடிப்பூரத் தேரோட்டத்திற்கு விருதுநகர் மாவட்டம் விடுமுறை பெறுகிறது. ஆடித் திருவாதிரை, 1025ஆம் ஆண்டு கடாரத்தின்மீது படையெடுத்த இராசேந்திர சோழனின் பிறந்த நாள்மீன். கங்கைகொண்ட சோழபுரத்தில் அது இன்று அரசு விழாவாகக் கொண்டாடப்படுகிறது. அக்கடாரம் நம் கெடாவே என்று அறிஞர் கொள்வதால், அவ்விழாவில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு.

இவற்றால் விளங்குவது ஒன்று. திருநாளை ஊரே முதலில் கொண்டாடியது. அரசின் விடுமுறை அதன் பின்னரே வந்தது. கேரளத்தில் ஓணம் எத்தனையோ நூற்றாண்டுகளாகக் கொண்டாடப்பட்டு வந்திருக்க, மாநிலத்தின் தேசியத் திருவிழா என அரசு அதனை அறிவித்தது 1961இல்தான்.

வீட்டிலிருந்து வீதிக்கு

விநாயகர் சதுர்த்தியின் வரலாறு இன்னும் கருதத்தக்கது. தமிழர் இல்லங்களில் அது நெடுங்காலமாக வீட்டு வழிபாடாகவே இருந்துவந்தது. களிமண்ணால் பிடித்த பிள்ளையாரை மணைப்பலகையில் எழுந்தருளச் செய்து, எருக்கம்பூ மாலையும் அறுகம்புல்லும் சாத்தி, காகிதக் குடை பிடித்து, கொழுக்கட்டையும் சுண்டலும் படைத்து, பின்னர் ஒரு நாள் கிணற்றிலோ குளத்திலோ கரைத்துவிடுவர். மண்ணில் பிறந்தவர் மண்ணோடு கலந்துவிடுவார். செலவும் குறைவு, ஆரவாரமும் இல்லை.

மராட்டிய நாட்டில் பேஷ்வாக்கள் காலத்தில் அரண்மனையில் அது சிறப்புற்றிருந்தது. அவர்கள் ஆட்சி வீழ்ந்தபின் மீண்டும் பெரும்பாலும் வீட்டு விழாவாக ஒடுங்கியது. 1890களின் தொடக்கத்தில் புனே நகரத்தார் சிலர் அதனைப் பொதுவிடத்தில் நடத்தத் தலைப்பட்டனர். 1893 முதல் லோகமானிய பாலகங்காதர திலகர், தம் "கேசரி" இதழின் வாயிலாக அதற்குப் பேராதரவு தந்து பெருவிழாவாக வளர்த்தார். மக்கள் ஓரிடத்தில் கூட ஆங்கில அரசு ஐயத்தோடு நோக்கிய காலம் அது. விநாயகர் முன் கூடிய கூட்டத்தில் பாட்டும் சொற்பொழிவும் நாட்டுப்பற்றை வளர்த்தன. சாதி வேறுபாடின்றி மக்கள் ஒரே பந்தலின்கீழ் நிற்கவும் அது ஓரளவு இடந்தந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. திலகர் விழாவின் இடத்தை மாற்றினார், அளவை மாற்றினார், நோக்கத்தையும் விரிவாக்கினார். ஆனால் பிள்ளையாரை எழுந்தருளச் செய்யும் நாளை அவர் மாற்றவில்லை. சதுர்த்தி சதுர்த்தியாகவே இருந்தது. அன்று தொடங்கி அனந்த சதுர்த்தசி வரை பத்து நாள்கள் விழா நீண்டது. ஆலைத் தொழிலாளியும் கடைச் சிற்றாளும் தத்தமக்கு ஓய்வு கிட்டிய நாளில் வந்து வணங்கிச் செல்ல அந்நீட்சி உதவியது. நம் கூட்டத்தில் எழுந்த கேள்விக்கு நூறாண்டுக்கு முன்பே ஒரு விடை இருந்திருக்கிறது.

இந்தியப் பெருங்கடலின் மறுபக்கத்தில், நம்மைப் போலவே கூலிகளாகச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் மொரீசியசு நாட்டில், விநாயகர் சதுர்த்தி இன்று தேசியப் பொது விடுமுறை. அங்குக் குடியேறிய மராத்தியர் தொகையில் சிறியவரே. ஆயினும் அவ்விழாவை விடாது போற்றிவந்தனர் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பெரட்டுக்களமும் மாரியம்மன் கோயிலும்

இனி நம் மண்ணுக்கு வருவோம். காவிரி நம்மோடு கப்பலேறவில்லை. ஆடிக்காற்றும் ஏறவில்லை. பஞ்சாங்கம் மட்டும் மூட்டையோடு வந்தது. பினாங்கு குயின் வீதி மகா மாரியம்மன் ஆலயம் 1833இலும், சிங்கப்பூர் மாரியம்மன் ஆலயம் 1827இலும், கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயம் 1873இலும் தோன்றின. நகரங்களில் வணிகரும் செல்வரும் ஆலயம் எழுப்பினர் என்றால், தோட்டப்புறங்களில் கங்காணியும் தொழிலாளரும் அத்தாப்புக் கூரையின்கீழ் அம்மனை நிறுவினர்.

தோட்ட வாழ்வு பெரட்டு மணியால் ஆளப்பட்ட வாழ்வு. பால்மரத்தில் பால் நன்கு சுரப்பது விடியற்காலையில். ஆகவே இருள் பிரியுமுன் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். கிராணியார் பெயர் கூப்பிட்டு முடித்தால், நிரைக்குப் போக வேண்டும். வராதவர்க்கு அன்றையக் கூலி இல்லை. 1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள தோட்டப் பகுதிகளில் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண் தொழிலாளிக்கு 40 காசும் என்று கூலி விகிதம் வகுக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிடில் இழப்பது அக்காசு. பல பிள்ளைகள் உள்ள குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று. இந்நிலையில் ஆடிக்கும் ஆவணிக்கும் விடுமுறை யார் கொடுப்பார்?

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பயின்றவன். 1980களின் பிற்பகுதியிலும் எங்கள் தோட்டத்தில் விநாயகர் சதுர்த்தி எவ்வாறு நடந்தது என்பது இன்னும் நினைவில் நிற்கிறது. முதல் நாள் மாலையே பெண்கள் மாவு இடித்து வைத்துவிடுவர். சதுர்த்தியன்று பெரட்டு மணிக்கு முன்பே கோயில் மணி ஒலிக்கும். மண்ணெண்ணெய் விளக்கோடு வந்த பூசாரி தீபாராதனை காட்டுவார். காண்டாவும் வாளியும் கோயில் வாசலில் வரிசையாக இருக்கும். திருநீறு பூசிக்கொண்டு, கொழுக்கட்டை ஒன்றை வாயிலிட்டுக்கொண்டு, வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு எல்லாரும் வேலைக்காட்டை நோக்கி நடப்பார்கள். பிற்பகல் வேலை முடிந்து குளித்தபின் மறுபடியும் கூடுவார்கள். அப்போதுதான் மேளமும் அன்னதானமும்.

ஆடி மாதத்தில் என் பாட்டியார் கூழ் ஊற்றுவார். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைப்பார். ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுப்பார். "வெள்ளிக்கிழமை ஊத்துனா நல்லதுதான். ஆனா குடிக்கப் புள்ளைங்க இருக்கணுமே" என்பார். ஆடி மாதத்தின் எந்த ஞாயிறும் அம்மனுக்கு உகந்ததே என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால் ஆடி அமாவாசையன்று தம் மறைந்த கணவருக்குப் படைக்கும் படையலை ஒருநாளும் ஞாயிற்றுக்குத் தள்ளிவைத்ததில்லை. எழுதப் படிக்க அறியாத அம்மூதாட்டி, எது தள்ளத்தக்கது, எது தள்ளத்தகாதது என்று பகுத்தறிந்து வைத்திருந்ததை நான் அலுவலகத்தில் அமர்ந்து எண்ணி எண்ணி வியந்ததுண்டு.

விடுமுறைப் பட்டியலின் வரலாறு

விடுமுறை என்பது அரசு மக்களுக்கு வழங்கும் அங்கீகாரம். அது கிடைப்பதும் உண்டு. கைவிட்டுப் போவதும் உண்டு. 1929ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்ற நாடுகளில் தீபாவளி பொது விடுமுறையாயிற்று. தைப்பூசத்திற்கும் விடுமுறை இருந்தது. சிங்கப்பூர் குடியரசான பின், 1968இல், பிரிட்டிஷ் படைகள் வெளியேறவிருந்த நெருக்கடியான பொருளாதாரச் சூழலில், ஆண்டின் பொது விடுமுறைகள் 16இலிருந்து 11ஆகக் குறைக்கப்பட்டன. ஒவ்வொரு சமயத்தாரும் சிலவற்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் விடுமுறையும் கிறிஸ்தவர்களின் சில விடுமுறைகளும் நீங்கின. இந்துக்களுக்குத் தீபாவளியா தைப்பூசமா என்னும் தேர்வு எழுந்தது, தீபாவளி நிலைத்தது, தைப்பூசம் பட்டியலினின்றும் நீங்கியது.

அதன்பின் நடந்தது என்ன? விடுமுறை போயிற்று, காவடி போகவில்லை. சிங்கப்பூர் அன்பர்கள் தம் விடுப்பில் ஒரு நாளைத் தைப்பூசத்திற்கென ஒதுக்கினர். பின்னிரவிலேயே புறப்பட்டுச் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி ஆலயம் வரை இன்றும் பால்குடமும் காவடியும் எடுக்கின்றனர். அதே பெருமாள் ஆலயத்திலிருந்து மாரியம்மன் ஆலயத்திற்கு நடந்து சென்று தீமிதிக்கும் அன்பர்களும் அவ்வாறே. தீபாவளிக்குச் சில நாள் முன்னதாக வரும் அத்தீமிதிக்கு என்றுமே தனி விடுமுறை இருந்ததில்லை. பல வாரங்களுக்கு முன்பே கொடியேறி, பாரதக் கதை படித்து, விரதம் காத்து அதனை நடத்திவருகின்றனர்.

நம் நாட்டில் நிலைமை மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். சரவாக் நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் தீபாவளிக்கு விடுமுறை உண்டு. தைப்பூசத்திற்குப் பினாங்கு, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர் ஆகிய மாநிலங்களில் விடுமுறை உண்டு. 1890களின் தொடக்கத்திலிருந்து பத்துமலையில் தைப்பூசம் நடந்துவந்தும், கோலாலம்பூர், புத்ராஜெயா கூட்டரசுப் பிரதேசங்களுக்கு அவ்விடுமுறை கிட்டியது 2008ஆம் ஆண்டில்தான்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பழனியும் திருச்செந்தூரும் அமைந்த தமிழகத்தில் தைப்பூசம் பொது விடுமுறையானது 2021ஆம் ஆண்டில்தான். மொரீசியசு முதலிய நாடுகளில் தைப்பூச விடுமுறை இருப்பதை எடுத்துக்காட்டியே அவ்வறிவிப்பு அங்கு வெளியிடப்பட்டது. தாயகம் சேய்நாட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று பெருமையோடு கூறலாம். நம் பாட்டன் பூட்டன் கூலியை இழந்து காத்த விழா அன்றோ அது!

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? விடுமுறை இருப்பதால் மட்டும் விழா வாழ்ந்துவிடாது; விடுமுறை இல்லாததால் மட்டும் அது மறைந்துவிடாது. மக்கள் தம் கைப்பொருளிலிருந்து ஒரு நாளை எடுத்து வைக்கின்றனரா என்பதே கேள்வி.

சட்டம் திறந்து வைத்துள்ள கதவு

ஆடிக்கும் ஆவணிக்கும் புதிய பொது விடுமுறை கேட்க வேண்டும் என்று கூறுவோர் உண்டு. பல இனத்தவர் வாழும் நாட்டில் ஒவ்வொரு சமூகத்தின் ஒவ்வொரு திருநாளுக்கும் நாடு முழுவதும் விடுமுறை அளித்தல் இயலாது என்பதை அரசுப் பணியாளன் என்ற முறையில் நான் அறிவேன். ஆனால் நடைமுறையில் உள்ள ஒரு வழியை நம்மவர் பலர் அறிந்திலர்.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, தீபகற்ப மலேசியாவில் தொழிலாளர் ஒருவர் ஆண்டுக்குக் குறைந்தது 11 நாள் சம்பளத்துடன் கூடிய பொது விடுமுறை பெற உரியவர். அவற்றுள் தேசிய நாள், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச நாள், தொழிலாளர் நாள், மலேசிய நாள் ஆகிய ஐந்தும் கட்டாயமானவை. எஞ்சிய ஆறு நாள்களைப் பொறுத்தவரை, முதலாளியும் தொழிலாளியும் உடன்பட்டால் ஒன்றுக்குப் பதிலாக வேறொரு நாளை மாற்றிக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. ஆண்டின் தொடக்கத்திலேயே பணிவோடு எடுத்துரைத்து, தமக்குத் தேவைப்படாத ஒரு விடுமுறையில் வேலை செய்து, அதற்கீடாகச் சதுர்த்தியன்று விடுமுறை பெற முயலலாம். எல்லா முதலாளிமாரும் இசைவர் என்று கூறவில்லை. கேட்காமலே இருப்பதைவிடக் கேட்டுப் பார்ப்பது நன்று.

ஒருமுறை, நான் முன்பு பணியாற்றிய இடத்தில், சதுர்த்திக்கு விடுப்புக் கேட்ட இளம் பெண்ணிடம், "பட்டியலில் இல்லாத பெருநாளுக்கு எதற்கு விடுப்பு?" என்று மேலாளர் ஒருவர் வினவினார். அப்பெண் வாய்திறவாமல் நின்றாள். தன் திருநாளைப் பற்றி நான்கு சொற்றொடர் எடுத்துரைக்க அவளுக்குத் தெரியவில்லை. அன்று எனக்கு மேலாளர்மீது எழுந்த வருத்தத்தினும், நம்மீது எழுந்த வருத்தமே பெரிது. நாம் அவளுக்குக் கொழுக்கட்டை கொடுத்தோம். காரணம் சொல்லிக் கொடுக்கவில்லை.

எதை மாற்றலாம்?

இனி, கூட்டத்தில் எழுந்த கேள்விக்கு என் சிற்றறிவுக்கு எட்டிய விடையைக் கூறுகிறேன். ஏற்பதும் தள்ளுவதும் நிர்வாகத்தினரும் குருக்களும் பெரியோரும் முடிவு செய்ய வேண்டியவை.

திதியாலும் விண்மீனாலும் அமைந்த மூலப் பூசையை மாற்றலாகாது. சதுர்த்தியன்று கணபதி ஹோமமும் அபிஷேகமும் நடந்தே தீர வேண்டும். பத்துப் பேர் வந்தாலும் நடக்க வேண்டும். ஒருவரும் வராவிடினும் நடக்க வேண்டும். 2020இலும் 2021இலும் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் ஆலயங்களில் பக்தர் கூட முடியாதிருந்தபோது, குருக்கள் பூசையை நடத்த, நாம் வீட்டிலிருந்தே கைப்பேசியில் கண்டு வணங்கினோம். அப்போது நாளை மாற்றினோமா? இல்லையே!

ஆனால் வேளையை மாற்றலாம். பெரட்டுக்கு முன் பூசை நடத்திய நம் பெற்றோரைப் போல, குருக்களின் இசைவோடு, வேலைக்குச் செல்வோர்க்கென விடியற்காலைப் பூசையொன்றும், வேலை முடித்து வருவோர்க்கென இரவுப் பூசையொன்றும் அமைக்கலாம்.

விழாவை நீட்டலாம். சதுர்த்தியன்று பிள்ளையாரை எழுந்தருளச் செய்து, அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமையன்று அன்னதானம், சமயப் போட்டிகள், திருவீதி உலா, நிறைவுப் பூசை ஆகியவற்றை நடத்தலாம். 2025இல் புதன்கிழமை தொடங்கி 31ஆம் தேதி ஞாயிறன்று நிறைவு செய்திருந்தால், இளைஞரின் விருப்பமும் நிறைவேறியிருக்கும். பெரியவரின் கொள்கையும் காப்பாற்றப்பட்டிருக்கும். சில ஆண்டுகளில் இறைவனே நமக்கு வழிவிடுகிறான். 2022இல் சதுர்த்தி சரியாக ஆகஸ்டு 31ஆம் நாளிலேயே வந்தது. தேசியக் கொடியும் கோயில் தோரணமும் ஒருங்கே அசைந்த காலை அது.

கூழ் வார்த்தல், விளக்குப் பூசை, வளையல் அலங்காரத்திற்குப் பின் நடைபெறும் விருந்து போன்றவற்றை அந்தந்த மாதத்திற்குள் வசதியான நாளில் அமைத்துக்கொள்வதில் தவறில்லை. என் பாட்டியார் காட்டிய வழி அது.

இவற்றோடு மற்றொன்றும் செய்தல் வேண்டும். எந்தத் திருநாள் எதற்காக என்பதைத் தமிழிலும் மலாயிலும் ஒரு பக்க அளவில் அச்சிட்டு உறுப்பினர் இல்லந்தோறும் வழங்க வேண்டும். அலுவலகத்தில் வாய்திறவாமல் நிற்கும் நிலை இனி எந்தப் பிள்ளைக்கும் வரலாகாது. அத்துடன், நம் ஆலயத்தில் முற்காலத்தில் ஆடியும் ஆவணியும் எவ்வாறு நடந்தன என்பதை எண்பதைக் கடந்த பெரியோரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கோயில்கள் சில இடம்பெயர்ந்தன, சில மறைந்தன. கட்டடம் போனாலும் நினைவு போகாதிருக்க எழுத்து வேண்டும்.

நிறைவாக

நான் வளர்ந்த தோட்டம் இன்று இல்லை. பெரட்டுக்களம் இருந்த இடத்தில் கடைத்தொகுதி நிற்கிறது. ஆனால் எங்கள் கோயிலில் இருந்த வெண்கல மணி மட்டும், இடம்பெயர்ந்த புதிய ஆலயத்தில் இன்றும் தொங்குகிறது. 2025ஆம் ஆண்டு சதுர்த்தியன்று மாலை, இங்கு வழிபாடு முடிந்தபின், அங்குச் சென்று என் மகனைத் தூக்கி அம்மணியை அடிக்கச் செய்தேன். "ஏம்பா, இது அவ்வளவு சின்ன மணியா இருக்கு?" என்று கேட்டான். "சின்ன மணிதான். ஆனால் உன் தாத்தா பெரட்டு மணிக்கு முன்னாடி இதைத்தான் கேட்டார்" என்றேன்.

அன்பர்களே, நம் முன்னோர்க்கு விடுமுறை இருந்ததில்லை; விழா இருந்தது. நமக்கு ஓரளவு விடுமுறையும் இருக்கிறது, விடுப்பும் இருக்கிறது, ஊர்தியும் இருக்கிறது. அடுத்த சதுர்த்தி எக்கிழமையில் வந்தாலும், ஆண்டு விடுப்பில் ஒரு நாளைப் பிள்ளையாருக்கென இப்போதே குறித்து வைப்போம். பிள்ளைகளையும் அழைத்து வருவோம். காலைப் பூசையில் படைக்கும் கொழுக்கட்டை இனி ஒன்றும் எஞ்சாதிருக்கட்டும்.

வினை தீர்க்கும் விநாயகப் பெருமான் நம் அனைவர்க்கும் நல்லருள் பாலிப்பாராக!